எஞ்சின் சப்ளையரை மாற்றுவது எப்படி: இருங்காட்டுக்கோட்டையில் ஓட்டும் அணிகளுக்கு

எஞ்சின் மாற்றப் பேச்சு தொடங்கினால் எல்லோரும் முதலில் கேட்பது குதிரைத்திறனைத்தான். சீசன் நடுவில் வண்டி நிற்பதோ பெரும்பாலும் எஞ்சினைச் சுற்றியுள்ள இணைப்புகளால்: பெல் ஹவுசிங் (எஞ்சினையும் கியர்பாக்ஸையும் சேர்க்கும் கூடு), ரேடியேட்டர் ஹோஸ், வயரிங், பெட்ரோல் பம்ப். இவற்றோடு ஒப்பந்தத்தில் யாரும் படிக்காத ஒரு வரியும் சேரும். சென்னையில் வெயிலும் கூடுகிறது. சென்னையில் பட்டறை வைத்து, அருகே இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில், 100 முதல் 150 கிலோவாட் வரையுள்ள நான்கு சிலிண்டர் எஞ்சினோடு ஓட்டும் சிறிய அணியை மனதில் வைத்து இதை எழுதுகிறோம். முதல் பந்தயத்துக்கு 16 வாரமாவது இருக்கும்போது தொடங்குங்கள். வடகிழக்குப் பருவமழை மாதங்களை டெஸ்ட் நாட்களாகக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

முதலில் விதிப் புத்தகம்

நீங்கள் ஓட்டும் பிரிவில் எஞ்சினை மாற்ற அனுமதி உண்டா என்று இந்திய மோட்டார் பந்தயங்களை நடத்தும் அமைப்பான எஃப்.எம்.எஸ்.சி.ஐ. வெளியிடும் அந்த ஆண்டின் தொழில்நுட்ப விதிகளில் பாருங்கள். ஃபார்முலா எல்ஜிபி போன்ற ஒரே வகை வண்டிப் பந்தயங்களில் எஞ்சின் விதியிலேயே முடிவாகிவிட்டது. அங்கே மாற்ற முடிவது, அதிகபட்சம், எஞ்சினைப் பிரித்துக் கோர்ப்பவரை மட்டும்தான். திறந்த பிரிவானால் ஐந்து விஷயங்களை எழுதி வையுங்கள்: கொள்ளளவு வரம்பு, குறைந்தபட்ச எடை, ஏர் ரெஸ்ட்ரிக்டர் (காற்று நுழைவதைக் கட்டுப்படுத்தும் வளையம்) அளவு, எந்த ஈசியு (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) அனுமதி, எஞ்சினைப் பிரிக்காமலிருக்கச் சீல் யார் வைக்க வேண்டும். சந்தேகம் இருந்தால் வண்டிகளைச் சோதிக்கும் அதிகாரியான ஸ்க்ரூட்டினியரிடம் எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள். வாயால் சொன்ன அனுமதி பந்தய நாள் காலையில் செல்லாது.

சப்ளையரிடம் கேட்க வேண்டியவை

இரண்டு சப்ளையர்களின் டைனோ தாளைப் (எஞ்சின் சக்தியை அளந்த அறிக்கை) பக்கத்தில் பக்கமாக வைத்துப் பார்ப்பதற்கு முன், வெப்பத்துக்கும் காற்றழுத்தத்துக்கும் ஏற்ப எண்ணைச் சரிசெய்யும் எந்தத் திருத்த முறையில் எண்ணைத் தந்திருக்கிறார்கள் என்று கேளுங்கள். எஸ்.ஏ.இ. ஜே1349 முறை 25 டிகிரி வெப்பத்தையும் 990 ஹெக்டோபாஸ்கல் உலர்காற்று அழுத்தத்தையும் அடிப்படையாகக் கொண்டது. பழைய ஜே607 முறை 15.5 டிகிரியை வைத்துக் கணக்கிடுவதால், அதே எஞ்சினுக்கே ஏறத்தாழ 4% கூடுதலாகக் காட்டும். ஒருவர் 150 என்றும் இன்னொருவர் 145 என்றும் சொன்னால், இரண்டும் ஒரே எஞ்சினாகக் கூட இருக்கலாம்.

எந்த முறையில் எடுத்தாலும் அந்த எண் சென்னையில் கிடைக்காது. 38 டிகிரியில் காற்றின் அடர்த்தி கன மீட்டருக்கு ஏறத்தாழ 1.13 கிலோ, 15 டிகிரியில் அது 1.225. இதிலேயே 7% போய்விட்டது. கடலோர ஈரப்பதம் மேலும் 3% அளவுக்கு ஆக்சிஜனை இடம்பெயர்க்கும். ஆக, டர்போ இல்லாத எஞ்சினில் குளிர்நாட்டு எண்ணிலிருந்து ஏறத்தாழ 10% கழித்துக்கொண்டு கியரையும் லேப் நேரத்தையும் யோசியுங்கள். உச்ச சக்தி ஒரு புள்ளிதான். 4,500 முதல் உச்ச ஆர்பிஎம் வரை டார்க் கோடு எப்படிப் போகிறது என்பதே இருங்காட்டுக்கோட்டையில் வளைவிலிருந்து வெளியே வரும்போது வேலை செய்யும்.

ஒப்பந்தத்தில் இவை தெளிவாக இருக்க வேண்டும். ரீபில்ட் எத்தனை கிலோமீட்டரில் அல்லது எத்தனை மணியில்? ஓட்டுநர் தவறான கியருக்கு இறக்கி ஓவர்ரெவ் (வரம்பு மீறிய சுழற்சி) ஆனால் செலவு யாருடையது, அதை எந்த லாகர் (சென்சார் எண்களைப் பதியும் கருவி) பதிவைக் கொண்டு தீர்மானிப்பார்கள்? சீல் உடைந்தால் என்ன? ஈசியு மேப் (எரிபொருள், டைமிங் அட்டவணை) பூட்டியிருந்தால் பந்தய வார இறுதியில் அதைத் திறக்க யார் வருவார்? இரண்டாவது எஞ்சின் சென்னையிலேயே இருக்குமா, அல்லது கப்பலில் வர வேண்டுமா? எஞ்சின் வெளிநாட்டிலிருந்து வாடகைக்கு வருகிறதென்றால் இன்னொன்றும் உண்டு. திரும்ப அனுப்பும் நிபந்தனையோடு சுங்கத்தில் எடுத்தால், உள்ளே வந்த பிளாக் எண்ணும் வெளியே போகும் பிளாக் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். சீசன் நடுவில் சப்ளையர் வேறு பிளாக்கை மாற்றிக் கொடுத்துவிட்டால் மீனம்பாக்கம் கார்கோவில் வாரக்கணக்கில் நிற்க நேரும். கிளியரிங் ஏஜென்டிடம் எஞ்சின் கிளம்புவதற்கு முன்பே பேசுங்கள்.

டம்மி பிளாக்கில் அளவெடுங்கள்

உண்மையான எஞ்சின் வருவதற்காகக் காத்திருக்க வேண்டாம். சாலைக் காரின் பிளாக்கை அடிப்படையாகக் கொண்ட எஞ்சின் என்றால், அதே பிளாக்கின் காலி உடம்பு புதுப்பேட்டையில் பழைய பொருள் விலைக்குக் கிடைக்க வாய்ப்புண்டு. பிளாக், ஹெட், சம்ப் (அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டி), முன் கவர் மட்டும் இருந்தால் போதும். அப்படிக் கிடைக்காத எஞ்சினுக்கு சப்ளையரிடம் முப்பரிமாண வரைபடம் வாங்கி, பிளைவுட்டிலோ அலுமினியத் தகட்டிலோ முகங்களை வெட்டி ஒரு ஜிக் செய்யுங்கள்.

எடுக்க வேண்டிய அளவுகள்: கிராங்க் மையத்திலிருந்து சம்ப்பின் அடிவரை உயரம், பெல் ஹவுசிங் முகத்திலிருந்து எஞ்சின் முன்புள்ள கடைசிப் பகுதிவரை நீளம், மவுண்டு துளைகளின் இடம், எக்ஸாஸ்ட் எந்தப் பக்கம், ஸ்டார்ட்டர் எந்தப் பக்கம், வாட்டர் பம்ப் வாய்களின் திசை. இதில் கிராங்க் உயரம் எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு போகும். 10 மிமீ மாறினால் கியர்பாக்ஸ் 10 மிமீ மாறும், டிரைவ்ஷாஃப்ட் கோணம் மாறும், பின்புற சஸ்பென்ஷன் கியர்பாக்ஸில் தாங்கியிருக்கும் வண்டியென்றால் அந்த வடிவியலும் மாறும்.

பெரிய ஃபார்முலா ஒன் அணிகளுக்கும் இதே தொல்லைதான். 2008 டிசம்பரில் ஹோண்டா விலகியபோது, அந்த எஞ்சினுக்காக வரைந்த சேஸியில் மெர்சிடிஸ் எஞ்சினை உட்கார வைக்க பிரான் அணி சேஸியின் பின்பகுதியை வெட்டித் திருத்தியது. அந்த வண்டிதான் 2009-ல் ஓட்டுநர், அணி ஆகிய இரண்டு பட்டங்களையும் வென்றது. மெக்லாரன் 2017 செப்டம்பரில் ஹோண்டாவை விட்டு ரெனோவுக்குப் போக முடிவெடுத்தபோது, அடுத்த ஆண்டு வண்டியின் வேலை முன்பே ஓடிக்கொண்டிருந்தது. டர்போ அமர்ந்திருக்கும் விதமே வேறாக இருந்ததால் பின்பகுதியை மறுபடி வரைய வேண்டியதாயிற்று. முடிவு தாமதமானால் செலவு எங்கே விழும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் இல்லை.

பெல் ஹவுசிங்: அரை நாள் ஒதுக்குங்கள்

புது எஞ்சினையும் பழைய கியர்பாக்ஸையும் சேர்க்க அடாப்டர் பிளேட் வேண்டும். அம்பத்தூரிலோ கிண்டியிலோ நல்ல சிஎன்சி கடையில் 6082 அல்லது 7075 அலுமினியத்தில் செய்யலாம். இரண்டு முகங்களும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும்; 0.05 மிமீக்கு மேல் விலகல் வேண்டாம் என்று வரைபடத்திலேயே எழுதுங்கள்.

பிறகு டயல் கேஜ் வேலை. ஃப்ளைவீலில் காந்த ஸ்டாண்டை நிறுத்தி, கேஜ் முனையைப் பெல் ஹவுசிங்கின் மையத் துளையில் வையுங்கள். கிராங்கைக் கையால் ஒரு முழுச் சுற்று மெதுவாகச் சுற்றுங்கள், எப்போதும் ஒரே திசையில். 12 மணி, 3, 6, 9 நிலைகளில் முள்ளின் எண்ணை எழுதுங்கள். மொத்த ஆட்டம் 0.25 மிமீக்குள் இருக்க வேண்டும். அதாவது மையம் 0.13 மிமீக்கு மேல் விலகியிருக்கக் கூடாது. 0.40 காட்டினால் ஆஃப்செட் டவல் பின் (மையம் தள்ளிய பொருத்துமுளை) போட்டு இழுத்துக் கொண்டுவாருங்கள். அடுத்து கேஜை ஹவுசிங் முகத்தில் வைத்து அதே சுற்று.

இதை விட்டுவிட்டால் முதல் நாள் ஒன்றும் தெரியாது. இரண்டாவது டெஸ்டில் கிளட்ச் முழுவதும் விடாது, கியர் தானாக வெளியே குதிக்கும், பைலட் பேரிங் (கிராங்கின் முனையில் கியர்பாக்ஸின் இன்புட் ஷாஃப்டைத் தாங்குவது) கத்தும். கியர்பாக்ஸைக் குற்றம் சொல்லித் திறந்து பார்ப்பார்கள். அங்கே குறை இருக்காது.

இன்புட் ஷாஃப்ட் நீளத்துக்கு எளிய சோதனை உண்டு. பைலட் பேரிங்கின் பின்னால் கொஞ்சம் பிளாஸ்டிசின் களிமண்ணை வைத்து கியர்பாக்ஸைச் சேர்த்துப் பிரியுங்கள். களிமண் 3 மிமீயாவது தடிமனாக மிஞ்ச வேண்டும். ஷாஃப்ட் அடியில் முட்டினால் கிராங்கின் த்ரஸ்ட் பேரிங் சில லேப்களில் தேய்ந்துபோகும். சேர்க்கும்போது எஞ்சினுக்கும் ஹவுசிங்குக்கும் இடையே இடைவெளி நின்றால், போல்ட்டை இறுக்கி இழுத்துச் சேர்க்கவே கூடாது. கையால் தள்ளி முகத்தோடு முகம் படிய வேண்டும். படியவில்லையென்றால் ஸ்ப்லைன் பொருந்தவில்லை, அல்லது டவல் வெட்டியிருக்கிறது.

ஃப்ளைவீல் போல்ட் எப்போதும் புதிதாக. கிளட்ச் தாங்கும் டார்க்கை உச்ச டார்க்கோடு ஒப்பிடுங்கள், குதிரைத்திறனோடு அல்ல. கியர்பாக்ஸுக்கும் டிரைவ்ஷாஃப்டுக்கும் இதே கணக்குதான்.

குளிர்விப்பு: சென்னையில் தோற்கும் இடம்

ஐரோப்பிய சப்ளையர் "இந்த ரேடியேட்டர் போதும்" என்று சொன்னால், எந்தக் காற்று வெப்பத்தில் என்று கேளுங்கள். ரேடியேட்டர் வெளியேற்றும் வெப்பம் தண்ணீருக்கும் காற்றுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பொறுத்தது. தண்ணீர் 95, காற்று 20 என்றால் வித்தியாசம் 75. இங்கே காற்று 40, வித்தியாசம் 55. அதே ரேடியேட்டர் அங்கே செய்த வேலையில் 73% மட்டுமே இங்கே செய்யும். ஈடுகட்ட 36% கூடுதல் திறன் வேண்டும். தார்ச்சாலையை ஒட்டிய காற்று நிழல் வெப்பத்தைவிடச் சூடு என்பதால், தாழ்வான மூக்குள்ள வண்டிக்கு இதுவும் குறைவான கணக்கே.

பெரிய ரேடியேட்டர் வாங்கும் முன் இருப்பதை முழுதாகப் பயன்படுத்துங்கள். மூக்கிலிருந்து கோர் வரை டக்ட் அடைப்பாக இருக்க வேண்டும்; ஓரத்தில் விரல் நுழையும் இடைவெளி இருந்தால் காற்று கோரைத் தவிர்த்து அந்த வழியாகப் போகும். ஃபோம் பட்டை ஒட்டி மூடுங்கள். வெளியேறும் காற்றுக்கும் வழி வேண்டும். பின்பக்கம் அடைத்துக்கொண்டால் முன்பக்கம் எவ்வளவு திறந்தாலும் பயனில்லை.

புது எஞ்சினின் மிக உயரமான தண்ணீர்ப் புள்ளியைக் கண்டுபிடித்து, அங்கிருந்து 4 முதல் 6 மிமீ உள்விட்டமுள்ள காற்றை வெளியேற்றும் பிளீட் குழாயை ஹெடர் டாங்க்குக்குக் (மேலேயுள்ள தண்ணீர்த் தொட்டி) கொண்டு போங்கள். ஹெடர் டாங்க்கிலிருந்து பம்ப்பின் உறிஞ்சும் பக்கத்துக்கு 19 மிமீ குழாய். இது மெலிதாக இருந்தால் உயர் ஆர்பிஎம்மில் பம்ப் வாயில் அழுத்தம் விழுந்து குமிழி உண்டாகும். நேர்ப்பாதையின் முடிவில் வெப்பம் சட்டென ஏறி, வளைவில் இறங்கினால் அந்த நோய் இதுதான். ரேடியேட்டரை மாற்றிப் பயனில்லை. 1.1 பார் மூடி வெறும் தண்ணீரின் கொதிநிலையை ஏறத்தாழ 121 டிகிரிக்கு உயர்த்தும். ஆகவே வெப்பமானியோடு தண்ணீர் அழுத்த சென்சாரும் போடுங்கள். அழுத்தம் விழுந்த பிறகு வெப்பமானி சொல்வதை நம்ப முடியாது, ஏனென்றால் முனை நீராவியில் நிற்கும்.

ஹோஸ், கிளாம்ப், ஃபிட்டிங் எல்லாம் ஜி.பி. ரோட்டில் கிடைக்கும். வாங்கும்போது ஹோஸின் உள்விட்டத்தைக் காலிப்பரால் அளந்து வாங்குங்கள். ஒரு மிமீ தளர்ந்ததைக் கிளாம்ப்பால் இறுக்கினால் சூட்டில் கழன்றுவிடும்.

எண்ணெயும் பெட்ரோலும்

எண்ணெயை சம்ப்பிலேயே வைத்திருக்கும் வெட் சம்ப் எஞ்சினானால் வேகமான நீண்ட வலது வளைவான சி1-ஐ நினைத்துப் பாருங்கள். எண்ணெய் முழுவதும் சம்ப்பின் இடது பக்கம் ஏறி நிற்கும். பிக்கப் குழாய் வலதுபுறம் இருந்தால் காற்றை உறிஞ்சும். இதற்கு வேண்டியவை: பேஃபிள் (தடுப்புத் தகடு), ஒருவழிக் கதவு, தேவையானால் அக்யூசம்ப் (அழுத்தத்தில் எண்ணெயைச் சேமிக்கும் குடுவை). லாகரில் எண்ணெய் அழுத்தத்தையும் பக்கவாட்டு ஜி விசையையும் ஒரே படத்தில் போட்டுப் பாருங்கள். வளைவில் அழுத்தம் ஒரு கணம் குழி விழுந்தாலும் வண்டியை நிறுத்துங்கள். பேரிங் இரண்டாவது வாய்ப்புத் தராது.

பெட்ரோல் கணக்கு எளிது. 110 கிலோவாட் எஞ்சின் கிலோவாட் மணிக்கு 0.32 கிலோ குடித்தால் மணிக்கு 35 கிலோ, அதாவது சுமார் 47 லிட்டர். பம்ப்பின் அட்டையில் உள்ள எண் அழுத்தமில்லாத நிலைக்கானது. 4 பாரில், எஞ்சின் ஓடும்போதுள்ள வோல்டேஜில் எவ்வளவு தருகிறது என்பதை அளவுக் குடுவையில் பிடித்துப் பாருங்கள். போட்டியில் எந்த எரிபொருள் என்பதையும் சப்ளையருக்குச் சொல்லுங்கள். எத்தனால் இல்லாத பெட்ரோலின் சரிவிகிதக் கலவை ஒரு கிலோவுக்கு 14.7 கிலோ காற்று, 20% எத்தனால் கலந்த இ20-க்கு அது 13.5 அளவில். அதாவது அதே காற்றுக்கு 8 முதல் 9% கூடுதல் பெட்ரோல் வேண்டும். பழைய மேப்போடு இ20 ஊற்றினால் கலவை மெலிந்து பிஸ்டன் உருகக்கூடும். பழைய ரப்பர் ஹோஸும் டாங்க்கிலுள்ள ஃபோமும் எத்தனாலைத் தாங்குமா என்று பாருங்கள். உதிர்ந்த ஃபோம் துகள் இன்ஜெக்டரை அடைக்கும்.

வயரிங்

பழைய ஹார்னஸை (வயர்க் கட்டு) வெட்டி ஒட்டாதீர்கள். எஞ்சின் ஹார்னஸ் தனி, சேஸி ஹார்னஸ் தனி, நடுவே ஒரே ஒரு பூட்டுள்ள கனெக்டர். அதிரும் இடத்தில் சால்டர் வேண்டாம். ஈயம் ஏறிய வயர் அதன் ஓரத்தில் முறியும். சரியான கருவியால் கிரிம்ப் செய்யுங்கள்.

புது ஈசியுவும் பழைய டாஷும் லாகரும் கேன் பஸ்ஸில் (கருவிகளை இணைக்கும் இரண்டு வயர்த் தகவல் பாதை) பேச வேண்டும். மின்சாரத்தை அணைத்துவிட்டு கேன் ஹை, கேன் லோ வயர்களுக்கு இடையே மல்டிமீட்டரை வையுங்கள். 60 ஓம் காட்டினால் சரி. 120 என்றால் ஒரு முனையில் டெர்மினேட்டர் (120 ஓம் ரெசிஸ்டர்) இல்லை. 40 என்றால் மூன்று இருக்கின்றன. எண் சரியாக இருந்தும் பேசவில்லையென்றால் வேகத்தைப் பாருங்கள்: ஒன்று விநாடிக்கு 500 கிலோபிட், மற்றொன்று 1 மெகாபிட் என்று நிற்கும்.

கிராங்க் சென்சார் இடைவெளி பொதுவாக 0.5 முதல் 1 மிமீ. காந்த வகை சென்சாரின் இரண்டு வயர்கள் மாறிவிட்டால் எஞ்சின் ஸ்டார்ட் ஆகும், ஆனால் ஆர்பிஎம் ஏற ஏற டைமிங் நழுவும். அதனால் ஈசியுவில் டைமிங்கை 10 டிகிரியில் பூட்டி, புல்லியில் ஸ்ட்ரோப் விளக்கை அடித்து, ஐடிலிலும் 4,000-லும் குறி அசையாமல் நிற்கிறதா என்று பாருங்கள்.

கியரும் எடையும்

பழைய எஞ்சினின் உச்சம் 7,000, புதியது 8,200 என்றால் விகிதம் 1.17. அதே நேர்ப்பாதை வேகத்துக்கு 3.9 ஃபைனல் டிரைவ் 4.57 ஆக வேண்டும். இதைச் செய்யாமல் ஓட்டினால் "புது எஞ்சினில் இழுவையே இல்லை" என்று ஓட்டுநர் சொல்வார். அவர் சொல்வது உண்மை. காரணம் எஞ்சினில் இல்லை.

எடையைப் பொறுத்தவரை, ஓட்டுநர் எடையை இருக்கையில் வைத்து, பாதி டாங்க் பெட்ரோலோடு, ஆன்டி ரோல் பாரைக் கழற்றிவிட்டு நான்கு தராசில் நிறுத்துங்கள். பின்பக்கம் 15 கிலோ குறைந்திருந்தால் ரைடு ஹைட்டும் (தரையிலிருந்து வண்டியின் உயரம்) குறுக்கு எடையும் (மூலைக்கு மூலை சக்கரங்களின் எடைப் பங்கு) மாறியிருக்கும்.

முதல் ஸ்டார்ட், முதல் ஓட்டம்

ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, இன்ஜெக்டர் கனெக்டரை எடுத்துவிட்டு, 10 விநாடி சுற்றி ஒரு நிமிடம் ஓய்வு என்று, எண்ணெய் அழுத்தம் ஏறும்வரை ஸ்டார்ட்டரில் சுற்றுங்கள். பிறகே பிளக்கைப் போட்டு எழுப்புங்கள். தண்ணீர் 80 டிகிரி தொடும்வரை ஆர்பிஎம்மை ஏற்ற வேண்டாம். அணைத்து முழுவதும் ஆறவிட்டு எல்லா போல்ட்டையும் டார்க் ரெஞ்சால் பாருங்கள். எண்ணெய் ஃபில்டரை வெட்டி மடிப்புகளை விரித்துப் பாருங்கள்.

இருங்காட்டுக்கோட்டை லேப் 3.717 கிமீ. முதலில் மூன்று லேப், ஆர்பிஎம் வரம்போடு; கவரைத் திறந்து கசிவு பாருங்கள். பிறகு ஐந்து. பிறகு பந்தய தூரம் முழுவதும் ஒரே மூச்சில். கடைசியாகச் சொன்னதை நண்பகல் 12 முதல் 3-க்குள் ஓட்டுங்கள். மெரினாவில் கடற்காற்று இறங்கிய பிறகும் இருங்காட்டுக்கோட்டையில் அனல் நிற்கும். காலை ஏழு மணி டெஸ்டில் தேறிய குளிர்விப்பு மதியப் பந்தயத்தில் தேறும் என்று நம்ப முடியாது. ஆல்டர்னேட்டர், காயில், பிரேக் ஆயில் டப்பா ஆகியவற்றில் வெப்ப ஸ்டிக்கர் ஒட்டுங்கள். எக்ஸாஸ்ட் பக்கம் மாறியிருந்தால் புதிதாகச் சூடேறுவது எது என்று அவை காட்டிவிடும்.

அணியில் இரண்டு வண்டி இருந்தால் ஒன்றை மட்டும் மாற்றி முதலில் ஓட்டுங்கள். ரெட் புல் 2019-ல் ஹோண்டாவுக்குப் போகும் முன் 2018 முழுவதும் டோரோ ரோசோ அந்த எஞ்சினோடு ஓடியது. குறைகள் அந்த வண்டியில் வெளிப்பட்டன.

பழைய சப்ளையரின் ஒப்பந்தம் முடியும் நாளை, புது எஞ்சின் பந்தய தூரத்தை ஓடி முடிக்கும் நாளுக்குப் பின்னால் வையுங்கள். அதுவரை பழைய எஞ்சின் அதன் மவுண்டு, ஹார்னஸ், எக்ஸாஸ்டோடு பெட்டியில் இருக்கட்டும். திருப்பி அனுப்பும்போது தண்ணீரை முழுவதும் வடித்து, சிலிண்டருக்குள் துருத் தடுப்பு எண்ணெய் தெளித்து, வாய்களை மூடி, பிளாக் எண்ணும் சீல்களும் தெரியும்படி படம் எடுத்து, ஓடிய கிலோமீட்டர் பதிவுத் தாளில் கையெழுத்து வாங்கி அனுப்புங்கள். முன்பணம் அந்தத் தாளை வைத்துத்தான் திரும்பும்.